வத்தலக்குண்டு அரை சென்ட்

மாட்டு டாக்டர் பூவலிங்கத்தைத் தெரியுமா தம்பி உங்களுக்கு? தெரியாதா? நல்லதாப் போச்சு. தெரியாமலே இருங்க.

எதுக்குக் கேக்குறேன்னா, இப்ப நீங்க தண்ணி பாட்டில் வாங்க இறங்குனீங்கள்ல, 'பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க சார்'னு என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனீங்க. முன்னப்பின்ன தெரியாத ஆள் நான். வந்து பாத்தா உங்க பை இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. நான் முப்பது வருஷம் பழகுன ஆளை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தேன் தம்பி. அது போயிருச்சு.

கொடைக்கானல் வரைக்கும் போறீங்களா? சரி சரி. நான் முன்னாடியே வத்தலக்குண்டுல இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிடலாம். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

என் பேரு துளசிராம். மதுரையில கீழவாசல் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. இப்ப மகன் பாக்குறான், நான் சாயங்காலமாப் போய் உக்காருவேன். பூவலிங்கமும் வந்து உக்காருவான். கவர்மெண்டுல கால்நடை டாக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. காசு. செலவு பண்ற காசு இல்ல, பழைய காசு.

மதுரையில பழைய காசு சேக்குறவங்க நெறைய. பாண்டியர் காசும்பான், நாயக்கர் காசும்பான், வைகை மணல்ல சலிச்செடுத்ததும்பான். நாங்க அதையெல்லாம் தொடல. நாங்க சேத்தது அமெரிக்காக் காசு. அந்தக் காலத்துச் செம்புக்காசு, டாலருக்கு நூறு வர்ற சென்ட், அதுல பாதி அரை சென்ட். ஏன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல? பூவலிங்கத்தோட மச்சான் ஒருத்தர் கப்பல்ல வேலை பாத்தாரு. அவரு ஒரு தடவை பெரிய சென்ட் ஒண்ணு கொண்டாந்து கொடுத்தாரு. நம்ம பழைய வெள்ளி ரூபா அளவு இருக்கும். ஒரு பொம்பள தலை, சுத்தி நட்சத்திரம், பின்பக்கம் இலை மாலை. அம்புட்டுத்தான். அன்னிக்கு முழுக்கக் கடைக்கு வந்தவங்களை நான் ஏறிட்டுக்கூடப் பாக்கல. அவனும் நானும் மாத்தி மாத்தி லென்ஸை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தோம்.

அப்படிப் பிடிச்சதுதான். வெளிநாட்டுக்குப் போற ஆளுக யாரா இருந்தாலும் கையைப் பிடிச்சுச் சொல்லி அனுப்புவோம். காசுச் சங்கத்துல எங்களைக் கேலி பண்ணுவாங்க. 'அரை சென்ட் தேடுறோம்'னு சொன்னா, 'அரை சென்ட்டுல கக்கூஸ்கூடக் கட்ட முடியாதேய்யா'ம்பாங்க. நிலம்னு நெனச்சு. சிரிக்கட்டும். எங்களுக்கென்ன.

ஒண்ணு சொல்லணும் தம்பி. அவன் எனக்குத் துரோகிதான், இருந்தாலும் சொல்லணும். மாட்டுக்கு ஊசி போடுற முரட்டுக் கை அவனுக்கு. காசைப் பிடிச்சான்னா பூவைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பான். விளிம்பு மட்டும்தான் விரல்ல படும். செம்பு பொல்லாதது பாத்துக்குங்க. வேர்வை பட்டாலே கறுத்துரும். அந்தக் கையை நம்பித்தான் நான் கூட்டுக்கே சம்மதிச்சேன்.

ஆமா, எல்லாம் கூட்டு. ஆறு மாசம் என் வீட்டு பீரோவுல இருக்கும், ஆறு மாசம் அவன் வீட்டு பீரோவுல. எழுத்துல ஒண்ணும் கிடையாது, வாய்வார்த்தைதான். விக்கிறதுன்னாலும் கொடுக்கிறதுன்னாலும் ரெண்டு பேரும் சேந்து சரின்னு சொல்லணும். இதை நீங்க மனசுல வச்சுக்குங்க. ரெண்டு பேரும் சேந்து.

எங்க பெரிய ஆசை ப்ரூஃப் காசு. அது என்னன்னு கேப்பீங்க. புழங்குறதுக்குன்னு அடிக்கிற காசு வேற. அது மூட்டை மூட்டையா அடிக்கிறது. ப்ரூஃப்புங்கிறது பெரிய மனுஷங்களுக்குக் கொடுக்கிறதுக்குன்னே தனியா அடிக்கிறது. அச்சைக் கண்ணாடி மாதிரி தேச்சு, செம்புத் தகட்டையும் தேச்சு, நிதானமா அடிப்பாங்க. காசுல முகம் பாக்கலாம். அமெரிக்காவுல அந்தக் காலத்துல சில வருஷம் அரை சென்ட் புழக்கத்துக்கே அடிக்கல, ப்ரூஃப் மட்டும்தான். உலகத்துலயே விரல் விட்டு எண்ணிரலாம். நாங்க அதைப் புஸ்தகத்துல படமாத்தான் பாத்திருக்கோம். நேர்ல பாப்போம்னு கனவுலகூட நெனச்சதில்ல.

அப்பத்தான் மேபல் டீச்சர் கடைக்கு வந்தாங்க.

வத்தலக்குண்டுல பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆன அம்மா. தனியாத்தான் இருக்காங்க. மதுரைக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்தவங்க, பைபிள் எழுத்து தெரியலேன்னு ஆஸ்பத்திரியில கண்ணைக் காட்டிட்டுச் சீட்டோட வந்தாங்க. சுவத்துல நாங்க பிரேம் போட்டு மாட்டியிருந்த பெரிய சென்ட்டைப் பாத்துட்டு, 'இந்தப் பொம்பள படம் போட்ட காசு எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு அண்ணே, சின்னது'ன்னாங்க. அடுத்த தடவை வரும்போது கொண்டாங்கன்னேன். சும்மா சொன்னேன். ஏதாவது புதுக்காசா இருக்கும்னு நெனச்சேன்.

கொண்டாந்தாங்க. ஒரு வெள்ளிச் சிமிழ், அதுக்குள்ள பட்டுத்துணி, துணிக்குள்ள காசு. பிரிச்சேன். அதுல என் மீசை தெரிஞ்சுது தம்பி. ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தி மூணாம் வருஷத்து அரை சென்ட். நேத்து அடிச்சது மாதிரி இருந்துச்சு.

அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பின்பக்க இலை மாலையில பழம் இருக்கும், மிளகு மாதிரி. முதல்ல அடிச்ச அசல்ல பழம் பெருசா இருக்கும். பிற்பாடு, காசு சேக்குறவங்க ஆசைப்படுறாங்கன்னு அதே வருஷத்தைப் போட்டுத் திரும்ப அடிச்சாங்க. அதுல பழம் சின்னது. டீச்சர் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பாட்டனாரு, மிஷன் துரை, காலரா அப்படின்னு. என் காதுல எங்க ஏறுச்சு? நான் பழத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன். பெரிய பழம்!

கடைக்காரனுக்குன்னு ஒரு முகம் இருக்குல்ல, அது எனக்கு நல்லா வரும். லென்ஸைக் கீழ வச்சிட்டு, 'செம்புதான் டீச்சர், இது எங்கேயும் செல்லாது'ன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? செல்லுமா? நீங்க கொண்டு போய் ஒரு டீ வாங்குங்க பாப்போம். 'நான் சும்மா பொழுதுபோக்குக்குச் சேக்குறேன், இதை வேணா வச்சுக்கிறேன், கண்ணாடிக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்'னேன். நல்ல பிரேம் தம்பி. அவங்க முகத்துக்கு அம்புட்டு எடுப்பா இருந்துச்சு. வழக்கமா இலவசமாக் கொடுக்காத தோல் கூடுகூடக் கொடுத்து அனுப்புனேன். அவங்களுக்கு அழுகையே வந்திருச்சு. கொஞ்ச நேரம் அந்தச் சிமிழைக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. 'சிமிழும் வேணுமா அண்ணே'ன்னாங்க. வேணாம், அது வெள்ளி, உங்ககிட்டயே இருக்கட்டும்னேன். அந்த மாதிரி விஷயத்துல நான் கறார்.

பூவலிங்கம் அன்னிக்குச் சாயங்காலம் வந்தான். காசை அவன் கையில கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் எந்திரிச்சு வாசல்ல போய், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். திரும்பி வந்து, 'போதும்டா துளசி, இதுக்கு மேல தேட ஒண்ணுமில்ல'ன்னான்.

'எங்கடா கிடைச்சுது?'

'ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மனசாரக் கொடுத்தாங்க'ன்னேன்.

மனசாரத்தானே கொடுத்தாங்க? நான் பிடுங்கவா செஞ்சேன்?

அந்த ஆறு மாசம் இருக்கு பாருங்க, அது மாதிரி சந்தோஷமா நாங்க இருந்ததே இல்ல. தினம் சாயங்காலம் அவன் வருவான். 'எடுடா'ம்பான். எடுப்பேன். ரெண்டு பேரும் பாப்போம். டீ வரும், ஆறிப்போகும். ஒரு வார்த்தை பேச மாட்டோம். அப்புறம் அவன் முறை வந்துச்சு. என் கையாலயே கொடுத்தேன். 'பத்திரம்டா'ன்னேன். 'என் உசுரு'ன்னான். தம்பி, அந்த வார்த்தையைத்தான் சொன்னான்.

அப்ப ஒரு நாள் டீச்சர் வந்தாங்க. கண்ணாடிக்கால் திருகு லூஸாயிருச்சுன்னு. நேரம் பாருங்க, பூவலிங்கம் உக்காந்திருக்கான். நான் திருகை முடுக்கிக்கிட்டிருக்கேன், அந்தம்மா சும்மா இருக்காம அவன்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டாங்க.

'இந்த அண்ணன் மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாதுங்க. செல்லாத காசு ஒண்ணை வாங்கிக்கிட்டு இம்புட்டு நல்ல கண்ணாடி கொடுத்தாரு. தினமும் ஜெபத்துல இவரு பேரைச் சொல்றேன். துளசிராம், துளசிராம்னு. கர்த்தருக்கே இது யாருடான்னு இருக்கும்.'

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பூவலிங்கம் சிரிக்கல.

அவங்க போனதும் கேட்டான். 'அவங்ககிட்ட என்ன சொன்ன?'

'செல்லாதுன்னு சொன்னேன்.'

'என்ன காசுன்னு சொன்னியா?'

'கேக்கல, சொல்லல.'

'துளசி, இது நியாயம் இல்லடா.'

'யாவாரம்டா இது. நீ கவர்மெண்டு சம்பளம் வாங்குனவன், உனக்கு என்ன தெரியும்?'

எந்திரிச்சுப் போயிட்டான்.

பாருங்க தம்பி, காசு ரெண்டு பேருக்கும் சொந்தம். கொடுக்கிறதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து சொல்லணும். அவன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

என்ன? கேட்டான், கேட்டான். இல்லேங்கல. அதுக்குப் பேரு கேக்கிறதா? மறுநாளே வந்து, 'வாடா, ரெண்டு பேருமா வத்தலக்குண்டு போவோம், விஷயத்தைச் சொல்லுவோம், அப்பவும் அவங்க கொடுத்தா வாங்கிக்குவோம்'னான்.

'கொடுக்கலேன்னா?'

'அவங்களோடதுதானே.'

முடியாதுன்னேன். அடுத்த வாரம் திரும்ப வந்தான். முடியாதுன்னேன். மூணாவது தடவை வந்தப்ப கடையில ஆளுக இருந்தாங்க. எனக்குக் கோவம் வந்திருச்சு. 'நீ போய் மாட்டைப் பாருடா'ன்னுட்டேன். எல்லாருக்கும் முன்னாடி. அவன் முகம் ஒரு மாதிரியா ஆச்சு. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் முடியாதுன்னு தெளிவாத்தானே சொன்னேன்? ஒருத்தன் முடியாதுன்னா கூட்டுல அது முடியாதுதானே?

நாலு நாள் கழிச்சு வந்தான். உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னான். 'கொடுத்துட்டேன்டா. அவங்க கையிலயே கொடுத்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.'

எனக்கு முதல்ல புரியவே இல்ல தம்பி. என்னத்தைடா கொடுத்தங்கிறேன். திரும்பவும் அதையே சொல்றான். என் மகன் கவுண்டர்ல நின்னுக்கிட்டுப் பாக்குறான். 'உன் உசுருன்னு சொன்னியேடா'ன்னேன்.

'ஆமாடா. அதான் என்னால வச்சுக்கிட்டு இருக்க முடியல'ன்னான்.

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. என் சம்சாரம் என்ன ஏதுன்னு கேட்டா. சொன்னேன். 'நல்லதுதானே பண்ணியிருக்காரு'ங்கிறா. கட்டிக்கிட்டு வந்தவளே இப்படிச் சொன்னா மனுஷன் யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் இப்ப உங்ககிட்ட சொல்லிக்கிட்டு வர்றேன்.

விடலாமா? நான் விடல. மறுநாளே பஸ் ஏறி வத்தலக்குண்டு போனேன். டீச்சரைப் பக்குவமாப் பேசி வாங்கிரணும்னு வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சேன். சின்ன வீடு, சர்ச்சுக்குப் பின்பக்கம். என்னைப் பாத்ததும், 'வாங்கண்ணே, உக்காருங்க'ன்னாங்க. முகத்துல கோவம் ஒண்ணும் இல்ல. காபி போட்டுக் கொடுத்தாங்க.

நான் ஆரம்பிச்சேன். 'டீச்சர், டாக்டர் நல்லவர்தான், ஆனா காசைப் பத்தி அம்புட்டுத் தெரியாது. அவரு உங்களுக்கு வீணா ஆசை காட்டிட்டாரு. அது அசல் இல்ல, பிற்பாடு திரும்ப அடிச்சது. பழம் சின்னதா இருக்கும் பாருங்க. நாளைக்கு நீங்க யார்கிட்டயாவது கொண்டு போய் ஏமாந்துரக் கூடாது. அதுக்குத்தான் ஓடி வந்தேன்'னேன்.

பொய் சொல்றேன்னு பாக்குறீங்களா? இல்ல தம்பி. காசு பத்திரமா இருக்கணும்ல? அந்தம்மாவுக்கு அதைப் பாத்துக்கத் தெரியுமா? ஒரு வேர்வைக் கை பட்டா முடிஞ்சுது. காசோட நல்லதுக்குச் சொன்னது அது.

டீச்சர் உள்ள போய்ச் சிமிழை எடுத்துட்டு வந்தாங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க, நான் கொடுத்த கண்ணாடி. ஒரு லென்ஸும் வச்சிருந்தாங்க. பாத்தவுடனே தெரிஞ்சிருச்சு, அது பூவலிங்கத்தோட லென்ஸ். காசை விளிம்புல பிடிச்சாங்க தம்பி, விரல் நடுவுல படாம. அவன் சொல்லிக் கொடுத்திருக்கான். கொஞ்ச நேரம் பாத்தாங்க.

'பெருசாத்தானே இருக்கு அண்ணே'ன்னாங்க.

நான் காபி டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டேன்.

அவங்க காசைத் திரும்பத் துணியில வச்சிட்டு, மெதுவாச் சொன்னாங்க. 'நீங்க வருவீங்கன்னு டாக்டர் சொன்னாரு. வந்து பழம் சின்னதுன்னு சொல்வீங்கன்னும் சொன்னாரு.'

தம்பி, அவன் காசைக் கொடுத்ததைக்கூட நான் ஒரு காலத்துல மன்னிச்சிருப்பேன். ஆனா இதை? முப்பது வருஷம் என்கூட உக்காந்து டீ குடிச்சவன், ஒரு மூணாம் மனுஷிகிட்ட, நான் என்ன பேசுவேன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கான். அப்ப என்னைப் பத்தி இவன் இத்தனை நாளும் என்ன நெனச்சுக்கிட்டிருந்தான்? அதைவிடத் துரோகம் ஒண்ணு இருக்கா?

அப்புறம் அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிக் கூட்டுல போட்டு என் முன்னாடி மேசையில வச்சாங்க. 'காசு திரும்பி வந்திருச்சு. அப்ப இது உங்களோடதுண்ணே'ன்னாங்க. நான் தொடல. நான் என்ன அம்புட்டு மட்டமான ஆளா? 'கண்ணாடி உங்க பவருக்குப் போட்டது டீச்சர், வேற யாருக்கும் ஆகாது'ன்னு தள்ளி வச்சேன். பெருந்தன்மையா நடந்துக்கிட்டேன். அதை அவங்க புரிஞ்சுக்கிட்டாங்களான்னு தெரியல.

எந்திரிச்சேன். 'இருங்கண்ணே, பாத்துட்டுப் போங்க'ன்னாங்க. 'துளசிக்கு இது மேல உசுரு, எப்ப வந்தாலும் பாக்க விடணும்னு டாக்டர் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் இதைக் கொடுத்தாரு.'

என் சொத்தை நான் பாக்க எனக்கு அவன் அனுமதி வாங்கித் தர்றான்! சுர்ருனு ஏறுச்சு எனக்கு. திரும்பிப் பாக்காம வந்திரணும்னு நெனச்சேன்.

உக்காந்தேன். பாத்தேன். என்ன செய்யச் சொல்றீங்க? எதிர்ல வச்சிருக்கு.

அப்ப அவங்க அந்தக் கதையைத் திரும்பச் சொன்னாங்க. அவங்க அப்பாவோட பாட்டனாரு மிஷன்ல உபதேசியாரா இருந்தாராம். காலரா வந்து ஊரே காலியானப்ப, துரையோட பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மலை மேல கொண்டு போய்க் காப்பாத்துனாராம். துரைகிட்ட கொடுக்க வேற ஒண்ணும் இல்லையாம், அமெரிக்காவுல இருந்து வரும்போது தன்னோட அப்பா ஞாபகமாக் கொடுத்த காசைக் கொடுத்துட்டாராம். 'கண்ணு தெரியாம வேதம் வாசிக்க முடியல. பாட்டனாரு இருந்திருந்தா கொடுன்னுதான் சொல்லியிருப்பாருன்னு நெனச்சுத்தான் உங்ககிட்ட கொடுத்தேன்'னாங்க. நல்ல கதைதான். நான் காசைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், இருந்தாலும் இந்தத் தடவை காதுல விழுந்துச்சு.

நான் ஊர் திரும்புறதுக்குள்ள பூவலிங்கம் கடைக்கு வந்துட்டுப் போயிருக்கான். அவன் பீரோவுல இருந்த கூட்டுக் காசு பூராத்தையும், ஒண்ணு விடாம, என் மகன்கிட்ட கொடுத்துட்டு, 'எல்லாத்தையும் அப்பாவே வச்சுக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டான். அதோட கடைப்பக்கம் வர்றதில்ல. நானும் கூப்பிடல. நான் எதுக்குக் கூப்பிடணும்? தப்புப் பண்ணுனது யாரு?

சாயங்காலம் உக்காந்து தனியா எடுத்துப் பாத்தேன் ஒண்ணு ரெண்டு தடவை. ஒண்ணும் தோணல தம்பி. இந்தா பாருடான்னு நீட்ட ஆள் இல்லேன்னா, அது வெறும் செம்பு. மூடி வச்சிட்டேன்.

வத்தலக்குண்டுக்கு மாசம் ஒரு தடவை போறேன். டீச்சர் காபி கொடுப்பாங்க, நான் பாப்பேன், வந்திருவேன். அவனும் போறானாம். மாசத்துல கடைசிச் சனிக்கிழமை. நான் அன்னிக்கு வர மாட்டேன்னு டீச்சர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்த நாளை வச்சிருக்கான்.

இன்னிக்கா? ஆமா, இன்னிக்குச் சனிக்கிழமைதான். கடைசிச் சனிக்கிழமைதான். தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் வர்றேன். நேருக்கு நேர் அவனை நாலு கேள்வி கேக்காம விடுறதா இல்ல.

மடியில இருக்கே இந்தப் பெட்டி, இதுதான் அவன் கொடுத்துட்டுப் போன காசு. பிச்சையா போடுறான் எனக்கு? அப்படியே அவன் மூஞ்சியில விட்டெறியப்போறேன், பாருங்க.

எறிய மாட்டேன். செம்பு தம்பி. கீழ விழுந்தா விளிம்பு நசுங்கிரும். டீச்சர் வீட்டு மேசையில வைப்பேன். இதுல பாதி உன்னோடதுடா, எடுத்துக்கன்னு சொல்லுவேன். அவன் எப்படியும் கையில எடுத்துப் பாப்பான், பாக்காம இருக்க முடியாது அவனால. வெளிச்சத்துக்குத் திருப்புவான்.

ஊர் வந்திருச்சு. காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க, பெட்டி இடிச்சிராம இறங்கணும்.